பேரேடும் பொறியும்

"எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது" என்பது பழமொழி. வணிகம் செய்து பட்டறிந்தோர் சொன்ன வாக்கு அது. கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் நடுவே நின்று நியாயம் பேசுவது ஏட்டில் எழுதப்பட்ட ஒரு வரியே. வங்கி என்னும் நிறுவனம் அந்த வரியின் மீதே எழுந்தது. அதன் இரும்புப் பெட்டகமும் சலவைக்கல் மண்டபமும் புறத்தோற்றங்கள். அதன் உயிர் பேரேட்டில் உறைகின்றது. ஒருவர் தமது உழைப்பின் ஊதியத்தை வங்கியில் வைப்பிலிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகின்றார். ஆயினும் அன்றிரவு அமைதியாக உறங்குகின்றார். தமது பெயருக்கு எதிரே அத்தொகை பிழையின்றி எழுதப்பட்டிருக்கும் என்ற நம்பிக்கையே அந்த உறக்கத்தின் காரணம்.

அந்தப் பேரேடு கடந்த முக்கால் நூற்றாண்டில் தாளை விட்டுக் காந்த நாடாவுக்கும், நாடாவை விட்டுக் கணனிக்கும், அங்கிருந்து வாடிக்கையாளரின் கைப்பேசிக்கும் இடம்பெயர்ந்துவிட்டது. இலக்கமுறை மாற்றம் என்று இன்று உலகெங்கும் பேசப்படுவது இதுவே. இதனை நேற்றுப் பிறந்த புதுமையென்று எண்ணுவோர் பலர். இதன் வரலாறோ 1950ஆம் ஆண்டிலேயே தொடங்குகின்றது. அவ்வரலாற்றை அடியிலிருந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். புதிய பொறி ஒன்று வரும்பொழுதெல்லாம் வேலையின் ஒரு பகுதி ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாறுகின்றது. அச்சுமையை ஏற்பவர் யார், அதனைச் சுமக்க அவருக்குக் கற்பித்தவர் யார் என்பதைப் பொறுத்தே மாற்றத்தின் வெற்றியும் தோல்வியும் அமைகின்றன.

ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகரில், 1904ஆம் ஆண்டு, அமதேயோ ஜியானினி என்பவர் 'பாங்க் ஒவ் இத்தாலி' என்ற சிறு வங்கியொன்றைத் தொடங்கினார். இத்தாலியிலிருந்து குடியேறியோரின் மகன் அவர். அக்காலத்து வங்கிகள் செல்வரையே வாயிலில் நின்று வரவேற்றன. ஜியானினியோ மீனவரையும் காய்கறி வணிகரையும் கைத்தொழிலாளரையும் தேடிச் சென்று அழைத்தார். 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின் பின் அந்நகரம் தீப்பற்றி எரிந்தபொழுது, வங்கியின் பணத்தைத் தோடம்பழப் பெட்டிகளின் கீழ் மறைத்து, வண்டியிலேற்றிக் காப்பாற்றியவர் அவர். சிறியோரின் வங்கியாகப் பிறந்த அந்நிறுவனம் 1930ஆம் ஆண்டில் 'பாங்க் ஒவ் அமெரிக்கா' என்ற பெயரைப் பெற்றுக் கலிபோர்ணியா எங்கும் கிளை பரப்பியது.

சிறியோரின் வங்கிக்குச் சிறிய கணக்குகள் மிகப் பல. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் கலிபோர்ணியாவில் மக்கள் வந்து குவிந்தனர். 1950ஆம் ஆண்டளவில் மாதந்தோறும் 23,000 புதிய நடைமுறைக் கணக்குகள் அவ்வங்கியில் சேர்ந்துகொண்டிருந்தன. எழுதப்படும் ஒவ்வொரு காசோலையும் கைமாறிக் கைமாறி வந்து, ஈற்றில் ஒரு கணக்குப் பதிவாளரின் மேசையை அடையவேண்டும். திறமைமிக்க பதிவாளர் ஒருவர் ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ 245 கணக்குகளைப் பதிவு செய்யவல்லவர். அதற்குமேல் மனிதக் கை ஓடாது. அன்றைய பதிவுகளை அன்றே முடிக்கவேண்டி, கிளைகள் பிற்பகல் இரண்டு மணிக்கே கதவை அடைத்தன. வாடிக்கையாளருக்காக எழுந்த வங்கி, வாடிக்கையாளரின் காசோலைகளுக்கு அஞ்சிக் கதவை மூடும் நிலைக்கு வந்துவிட்டது!

அவ்வங்கியின் உயர் அதிகாரிகளுள் ஒருவரான கிளார்க் பைஸ் 1950ஆம் ஆண்டில் ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தை அணுகி, இவ்வேலையைச் செய்யவல்ல மின்பொறியொன்றை அமைக்க இயலுமா என்று வினவினார். கணனி என்பது அன்று விஞ்ஞானிகளுக்கும் படைத்துறைக்கும் உரிய கருவி. வணிகர் அதனிடம் வேலை வாங்கலாம் என்ற எண்ணமே அரிது. ஆராய்ச்சியாளர் முயற்சியை ஏற்றனர். ஐந்து ஆண்டுகள் வெளியுலகம் அறியாதவாறு பணி நடந்தது. 1955ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் அப்பொறி உலகுக்குக் காட்டப்பட்டது. 'எர்மா' என்பது அதன் பெயர். 8,000க்கு மேற்பட்ட வெற்றிடக் குழாய்களைக் கொண்டு, ஏறத்தாழ 25 தொன் எடையோடு, ஒரு பெரிய கூடத்தை நிறைத்து நின்றது அது.

பொறியை ஆக்குவதினும் கடினமாக இருந்தது, வங்கி தன் பழக்கத்தை மாற்றிக்கொள்வது. அதுவரை கணக்குகள் உரியவரின் பெயரைக் கொண்டு அகரவரிசையில் ஒழுங்கு செய்யப்பட்டிருந்தன. புதியவர் ஒருவர் சேரும்பொழுது ஏடுகளின் நடுவே அவருக்கு இடம் தேடவேண்டும். ஒரே பெயருடைய பலர் இருப்பின் கையெழுத்தைப் பார்த்தே வேறுபடுத்தவேண்டும். இம்முறை மனிதக் கண்ணுக்கு இயல்பானது, பொறிக்கோ ஒவ்வாதது. ஆகவே ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் இலக்கம் வழங்கப்பட்டது. புதிய கணக்கு வரிசையின் ஈற்றில் சேர்ந்துகொண்டது. கணக்கு இலக்கம் என்று இன்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் அந்த எண் தொடரை வங்கி வாழ்வின் நடுவே நிறுத்தியது பொறியின் தேவையே.

அந்த இலக்கத்தைக் காசோலையில் எவ்வாறு பொறிப்பது? முதலில் கோடுகளாலான குறிகளை அச்சிட்டுப் பார்த்தனர். பொறி அவற்றைப் படித்தது. ஆனால் கோடுகள் மங்கினாலோ அழுக்குப் படிந்தாலோ, அவை எந்தக் கணக்கைச் சுட்டுகின்றன என்பதை மனிதர் எவராலும் சொல்ல இயலாது. கருவி கைவிட்ட இடத்தில் மனிதர் கைகொடுக்க வழியில்லை. ஆகவே அம்முறையைக் கைவிட்டு, காந்தத் தன்மையுள்ள மையினால் சாதாரண இலக்கங்களையே சிறிது மாற்றிய வடிவில் அச்சிட்டனர். பொறி அவற்றின் காந்த விசையை உணர்ந்து படித்தது. மனிதர் கண்ணால் பார்த்துப் படித்தனர். அவற்றின் மேல் வங்கியின் முத்திரை குத்தப்பட்டாலும் எழுதுகோலின் மை படிந்தாலும் பொறி தடுமாறவில்லை. அமெரிக்க வங்கியாளர் சங்கம் 1956ஆம் ஆண்டில் இம்முறையைத் தனது நியமமாக ஏற்றது. பத்து இலக்கங்களும் நான்கு குறியீடுகளும் கொண்ட அவ்வெழுத்து வரிசை கடல் கடந்து பல நாடுகளுக்குப் பரவியது. இலங்கைக் காசோலையின் அடியில் காணப்படும் விந்தையான இலக்கங்களும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

பின்னர் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் வெற்றிடக் குழாய்களை நீக்கித் திரான்சிஸ்டர்களைக் கொண்டு பொறியைத் திருத்தி அமைத்தது. 1959ஆம் ஆண்டில் அவை சான் ஹோசே நகரில் வேலையைத் தொடங்கின. 1966ஆம் ஆண்டளவில் பன்னிரண்டு நிலையங்கள், வங்கியின் ஏறத்தாழ 900 கிளைகளுள் 21 நீங்கலாக மற்றெல்லாவற்றின் கணக்குகளையும் பார்த்துக்கொண்டன. கணக்குப் பதிவாளர் என்ற தொழில் மெல்ல மெல்ல மறைந்தது. இவ்வளவு பெரிய மாற்றத்தில் வாடிக்கையாளரிடம் கேட்கப்பட்டது, இலக்கம் அச்சிட்ட காசோலையைப் பயன்படுத்தவேண்டும் என்பது ஒன்றே. சுமையை வங்கி ஏற்றது. அதனைப் பொறியின் மேல் ஏற்றியது. முதலாவது மாற்றத்தின் இயல்பு இது.

இரண்டாவது மாற்றம் அத்திலாந்திக் கடலின் மறுகரையில் நிகழ்ந்தது. கணக்கு எழுதுவோரை விட்டு, கருமபீடத்தின் பின்னால் நின்று பணம் எண்ணிக் கொடுக்கும் காசாளரை நோக்கிப் பொறி வந்தது. பிரித்தானியாவில் வங்கி ஊழியர் சனிக்கிழமையும் வேலை செய்துவந்தனர். அந்த அரைநாளையும் விடுமுறையாக்கவேண்டும் என்று தொழிற்சங்கங்கள் வற்புறுத்தின. அவ்வாறாயின் வார இறுதியில் பணம் தேவைப்படுவோர் எங்கே செல்வது? ஒரு சனிக்கிழமை வங்கி மூடியபின் சென்று ஏமாந்தவர் ஜோன் ஷெப்பர்ட் பரோன். இந்தியாவின் ஷில்லோங் நகரில் பிறந்த ஸ்கொத்லாந்துக் குடும்பத்தவர். காசைப் போட்டால் சொக்கலேற்றைத் தரும் பொறியைப் போலப் பணத்தைத் தரும் பொறியொன்றை ஏன் அமைக்கக்கூடாது என்று அவர் சிந்தித்தார். அவ்வாறு அமைந்த இயந்திரம் 1967ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் இலண்டனின் வடக்கே என்ஃபீல்ட் என்னும் இடத்திலுள்ள பார்க்ளேஸ் வங்கிக் கிளையில் திறந்துவைக்கப்பட்டது. ஒரு சீட்டைச் செருகி இரகசிய எண்ணைக் கொடுத்தால் அது பத்துப் பவுண் தரும், சீட்டை வைத்துக்கொள்ளும். இரகசிய எண் முறைக்கு அதற்கு முந்திய ஆண்டிலேயே ஜேம்ஸ் குட்ஃபெலோ என்ற ஸ்கொத்லாந்துப் பொறியியலாளர் உரிமம் கோரியிருந்தார். 1969ஆம் ஆண்டில் பிரித்தானிய வங்கிகள் சனிக்கிழமைக் கதவை மூடின.

ஷெப்பர்ட் பரோன் முதலில் ஆறு இலக்கங்கள் கொண்ட எண்ணையே கருதினார். படையில் அவருக்கிருந்த எண் அத்தகையது. நான்கு இலக்கங்களையே தம்மால் நினைவில் வைத்திருக்க முடியும் என்று அவருடைய மனைவி கூறவே, நான்காகக் குறைத்தார் என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கின்றார். இது சிறிய செய்திபோலத் தோன்றும். ஆயினும் பொறியை அமைப்போர் தம் திறமையை அளவுகோலாகக் கொள்ளாது, அதனைப் பயன்படுத்தப்போகும் சாதாரண மனிதரின் நினைவாற்றலை அளவுகோலாகக் கொள்ளவேண்டும் என்ற பாடம் அதிலே அடங்கியிருக்கின்றது.

இப்பொறி காசாளரை ஒழித்துவிடும் என்று பலர் அஞ்சினர். அமெரிக்காவில் நிகழ்ந்ததோ எதிர்பாராதது. நகர்ப்புறக் கிளையொன்றில் சராசரியாக இருபதாக இருந்த காசாளர் தொகை, 1988ஆம் ஆண்டுக்கும் 2004ஆம் ஆண்டுக்கும் இடையில் பதின்மூன்றாகக் குறைந்தது. ஆனால் கிளை நடத்தும் செலவு குறைந்தமையால் வங்கிகள் மேலும் பல கிளைகளைத் திறந்தன. மொத்தக் காசாளர் தொகை அக்காலத்தில் வீழ்ந்துவிடவில்லை. பணம் எண்ணும் வேலை அவர்களை விட்டு நீங்க, வாடிக்கையாளரோடு பேசி ஆலோசனை கூறும் வேலை அவர்களிடம் வந்தது. அதே வேளையில் வேறொன்றும் நிகழ்ந்தது. காசாளர் செய்த வேலையின் ஒரு கூற்றை இப்பொழுது வாடிக்கையாளரே தம் விரலால் செய்யத் தொடங்கினார். அன்று அது சுமையாகத் தோன்றவில்லை. கிளையும் கருமபீடமும் அங்கேயே இருந்தன அல்லவா?

மூன்றாவது மாற்றம் இணையத்தோடு வந்தது. இதன்பின் கட்டடமே வேண்டாத நிலை உருவாயிற்று. இதனை நன்கு எதிர்கொண்ட நாடுகளுள் ஒன்று எஸ்தோனியா. 1991ஆம் ஆண்டில் மீண்டும் சுதந்திரம் பெற்ற அந்தச் சிறிய வட ஐரோப்பிய நாட்டில் 1996ஆம் ஆண்டிலேயே இணையவழி வங்கிச் சேவை தொடங்கிற்று. ஆனால் கணனியைத் தொட்டே அறியாத மக்கள் நாட்டில் மிகப் பலர். வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் 2001ஆம் ஆண்டில் ஒன்றுகூடி ஓர் அறநிலையத்தை ஏற்படுத்தின. முதியோர், தொழிலாளர், கிராமத்தவர் என ஏறத்தாழ ஓர் இலட்சம் பேருக்குக் கணனியும் இணையமும் கற்பிக்கப்பட்டன. வளர்ந்தோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அவ்வகுப்புக்குச் சென்றார். வாடிக்கையாளரின் தோளில் புதிய சுமையை வைக்குமுன் அதனைச் சுமக்கும் வகையை அவர்களுக்குக் கற்பித்தன அந்நாட்டு வங்கிகள். தமது நன்மைக்காகவே செய்தன என்றாலும் செய்தமை சிறப்பு.

சிங்கப்பூரின் டி.பி.எஸ். வங்கி கற்பிக்கும் பாடம் இன்னொரு வகையானது. நாட்டின் கைத்தொழிலை வளர்ப்பதற்காக 1968ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அவ்வங்கி, காலப்போக்கில் வாடிக்கையாளரைக் காக்கவைப்பதில் பேர்பெற்றது. அதன் பெயரின் மூன்று எழுத்துக்களையும் மந்தகதியைக் குறிக்கும் சொற்களாக விரித்து ஊரார் நகையாடினர். 2009ஆம் ஆண்டில் அதன் தலைமையை ஏற்ற பியூஷ் குப்தா, வாடிக்கையாளர் வீணே காத்திருக்கும் மணித்தியாலங்களை அளந்து குறைப்பதையே ஓர் இலக்காக வைத்தார். பொறியை வாங்குமுன் வரிசையை எண்ணினர் என்று சொல்லலாம். 2016ஆம் ஆண்டில் 'யூரோமணி' சஞ்சிகை அதனை உலகின் மிகச் சிறந்த இலக்கமுறை வங்கியாகத் தெரிந்தெடுத்தது. ஆயினும் புகழ் காவலாகாது. 2021ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் அவ்வங்கியின் சேவைகள் பன்முறை தடைப்பட்டன. சிங்கப்பூர் நாணய அதிகார சபை 2023ஆம் ஆண்டு நவெம்பர் முதல் ஆறு மாதங்களுக்குப் புதிய முயற்சிகளை நிறுத்திவைக்குமாறு ஆணையிட்டது. அக்காலத்தில் கிளைகளையும் பணம் வழங்கும் இயந்திரங்களையும் குறைக்கலாகாது என்றும் விதித்தது. கைப்பேசி உறங்கினாலும் கருமபீடம் விழித்திருக்கவேண்டும் என்பதே அந்த ஆணையின் உட்பொருள்.

அவசரம் விளைத்த கேட்டுக்கு எடுத்துக்காட்டுப் பிரித்தானியாவிலே உண்டு. ஸ்கொத்லாந்தின் ருத்வெல் என்னும் சிற்றூரில் 1810ஆம் ஆண்டு ஹென்றி டன்கன் என்ற பாதிரியார் ஏழைகளின் சில்லறைச் சேமிப்புக்காக ஒரு வங்கியைத் தொடங்கினார். அவ்வழியில் எழுந்த சேமிப்பு வங்கிகளின் மரபில் வந்தது ரி.எஸ்.பி. வங்கி. அது வேறொரு வங்கியின் கணனி அமைப்பை வாடகைக்குப் பயன்படுத்திவந்தது. அதனை விட்டுத் தனது புதிய உரிமையாளரான ஸ்பானிய வங்கியின் அமைப்புக்கு மாற முடிவு செய்தது. 52 இலட்சம் வாடிக்கையாளரின் கணக்குகளும் 2018ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்து வார இறுதியொன்றில் மாற்றப்பட்டன. கணக்கு விபரங்கள் புதிய இடத்தை முறையாகவே சென்றடைந்தன. ஆனால் அவற்றைத் தாங்கவேண்டிய புதிய அமைப்பு ஆயத்தமாக இருக்கவில்லை. மக்களாற் கணக்கினுள் நுழைய இயலவில்லை. சிலருக்குப் பிறர் கணக்குகள் தென்பட்டன. நிலைமை முற்றாகச் சீராக ஆண்டு இறுதியாயிற்று. 2022ஆம் ஆண்டு டிசெம்பரில் மேற்பார்வை அதிகாரிகள் அவ்வங்கிக்கு 4 கோடியே 86 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் தண்டம் விதித்தனர். பேரேடு எரியவில்லை, தொலையவில்லை. அதனைத் திறக்கும் வழியே அடைபட்டது. பணம் உண்டு, எடுக்க வழியில்லை என்ற நிலையில் வாடகை செலுத்தவேண்டியவருக்கும் சம்பளம் கொடுக்கவேண்டியவருக்கும் அவ்வேறுபாட்டால் என்ன பயன்?

இவையெல்லாம் பொறியின் தவறுகளும் திருத்தங்களும். இவற்றுக்கு அப்பால், தவறின்றி இயங்கும் பொறியினாலும் ஒரு கேடு விளையலாம். கைப்பேசியில் வங்கி வந்தபின் கிளைகள் மூடப்பட்டன. பிரித்தானியாவில் மட்டும் 2015ஆம் ஆண்டின் பின் பத்தாண்டுக்குள் 6,000க்கு மேற்பட்ட கிளைகள் மறைந்தன. ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர், வயது எழுபத்தெட்டு, 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு விண்ணப்பத்தை மக்கள் முன் வைத்தார். வயது முதிர்ந்தவன் அறிவிலியல்லன் என்பது அதன் முழக்கம். வாழ்நாளெல்லாம் வைப்பிலிட்ட பணத்தைப் பெறப் பேரர் துணையை நாடவேண்டியிருந்த முதியோரின் மானத்தை அவ்விண்ணப்பம் எடுத்துரைத்தது. 6 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அவ்வாண்டு பெப்ரவரியிலேயே ஸ்பானிய வங்கிகள் கருமபீட நேரத்தை நீட்டவும், முதியோருக்கு முன்னுரிமை அளிக்கவும், பொறிகளின் மொழியை எளிமையாக்கவும் உடன்பட்டன. காசுத்தாளை ஏறத்தாழ மறந்துவிட்ட சுவீடன் நாட்டிலும், பெரிய வங்கிகள் காசுச் சேவையைத் தொடர்ந்து வழங்கவேண்டும் என்ற சட்டம் 2020ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது.

ஒரு மருத்துவராலேயே இயலாததை எழுத்தறிவு குன்றியவர் எங்ஙனம் செய்வார்? மருத்துவரின் குரலை நாடு கேட்டது. குரலற்றோரின் நிலை யாது? 1904ஆம் ஆண்டில் ஜியானினி தேடிச் சென்ற மீனவரும் காய்கறி வணிகரும் இன்றும் உலகெங்கும் உள்ளனர். அவர்களை வங்கிக்குள் அழைத்ததனாலேதான் காசோலைகள் பெருகின. காசோலைகள் பெருகியமையாலேதான் கணனி வங்கிக்குள் வந்தது. அவர்களுக்காக வந்த பொறி அவர்களையே வாயிலுக்கு வெளியே நிறுத்துமாயின், அது வரலாற்றின் கொடிய முரணாகும்.

காந்த மையினால் இலக்கம் பொறித்தோர் அன்று ஒரு விதியைக் கைக்கொண்டனர்: பொறி படிப்பதை மனிதரும் படிக்க இயலவேண்டும். எழுபது ஆண்டுகள் சென்றபின்னும் அவ்விதி பழமைப்படவில்லை. தமது கணக்கில் என்ன எழுதப்பட்டிருக்கின்றது என்பதைத் தாமே கண்டறியவும், ஐயம் எழுந்தால் ஒரு மனித முகத்தை நோக்கிக் கேட்கவும் வாடிக்கையாளருக்கு வழி இருக்கும்வரை, பேரேடு தாளில் இருந்தாலென்ன, மின்னணுவில் இருந்தாலென்ன, அவருடைய உறக்கம் கெடாது.